மூச்சால் சுடுகிறவள்

கலைமான் வந்துவிட்டது. அண்ணன் டெல்மர் விடும் மூச்சு சரியில்லை. இரண்டும் ஒரே சமயத்தில்தான் ஆர்லிஸுக்குப் புரிந்தன. அவள் மானைத்தான் கவனித்தாள்.

"வலப்பக்கம்... இன்னும் கொஞ்சம்... ஏய், அவசரப்படாதடி" என்று காதருகே கிசுகிசுத்தான் டெல்மர். கையை நீட்டித் துப்பாக்கி தவறி வெடிக்காமல் காக்கும் சேஃப்டியை விலக்கினான். விரல் நடுங்கியது. 'மானைப் பார்த்த பதற்றம்' என்று நினைத்துக்கொண்டாள்.

காலையிலிருந்தே அண்ணன் ஒரு மாதிரிதான் இருந்தான். அவளுடைய நாற்காலியைச் சரிவுப் பலகையில் ஏற்றிவிட்டு நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்றான். கேட்டதற்கு, "மார்னா போட்ட பீன்ஸ் குழம்பு. உள்ளே போனதும் பாட்டுப் பாடுது" என்று சிரித்து மழுப்பினான். இரண்டு வருடத்துக்கு முன்பு இதே நெஞ்சுக்குள் ரத்தக்குழாய் அடைப்புக்குக் கம்பிவலை வைத்தவன். ஆனால் விஸ்கான்சினின் வட மூலையில், மான் வேட்டை நாளில் நெஞ்சு வலி என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்த ஆண்பிள்ளை இதுவரை பிறக்கவில்லை.

அது அக்டோபர் மாதத்து வார இறுதி. ஊரில் மற்றவர்களுக்குத் துப்பாக்கி வேட்டை நவம்பரில்தான். கை கால் வராதவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் மட்டும் பனி விழும் முன்பே காட்டைத் திறந்துவிடுவார்கள். மார்னா டீட்ஸின் பண்ணையில் எட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு துணை, ஆளுக்கு ஒரு பலகைக் குடில்.

ஆர்லிஸின் குடில் பள்ளத்தில் இருந்தது. நாற்காலி உள்ளே போகிற அளவுக்கு அகலம். திரும்புகிற அளவுக்கு இல்லை. முன்னால் ஜன்னல், பின்னால் கதவு, கதவிலிருந்து கீழே இறங்க இருபுறமும் கட்டை அடித்த சரிவுப் பலகை. அவள் உட்கார்ந்திருந்தது சாதாரணச் சக்கர நாற்காலி அல்ல. டாங்கிபோலப் பட்டையில் ஓடுவது, சேற்றையும் விழுந்த மரத்தையும் மதிக்காதது. அவளோடு சேர்த்து ஒரு நல்ல எருமைக் கடா எடை இருக்கும்.

பதினோரு வருடத்துக்கு முன்பு மரத்தில் கட்டிய பரணிலிருந்து இறங்கும்போது, இடுப்பு வாரைச் சீக்கிரமே கழற்றிவிட்டு ஒரு படி தவறினாள். கழுத்து எலும்பு. அதன்பின் கழுத்துக்குக் கீழே எதுவும் அவள் சொல் பேச்சுக் கேட்பதில்லை. வலது முழங்கை மட்டும் கொஞ்சம் விசுவாசமாக இருக்கிறது. அந்த முழங்கையால் ஒரு குச்சியைத் தள்ளி நாற்காலியை ஓட்டுவாள். மோவாயால் இன்னொரு குச்சியைத் தள்ளி, நாற்காலியோடு பூட்டிய துப்பாக்கியைத் திருப்புவாள். குறி, முன்னால் ஒரு சின்னத் திரையில் தெரியும். கன்னத்தருகே வளைந்து நிற்கிற குழாயைக் கவ்வி ஒரு முறை உறிஞ்சினால் விசை அழுந்தும்.

குழாயைக் கவ்வினாள்.

திரையில் மானின் தோள். எட்டுக் கிளைக் கொம்பு. போன இரண்டு அக்டோபரும் கைக்கெட்டாமல் போன மான்.

எங்கோ இடப்பக்கம், வேலிக்கு அப்பால், பக்கத்துப் பண்ணையில், மரம் அறுக்கும் மிஷின் உறுமியது. மான் காதை விடைத்தது.

"பாவ்லக்! படுபாவி, வேணும்னே பண்றான்" என்று பல்லைக் கடித்தான் டெல்மர். பிறகு வேறொரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. யாரோ வயிற்றில் குத்தியதுபோல.

மான் ஒரே தாவலில் காட்டுக்குள் போயிற்று.

"அண்ணே?"

"கொஞ்சம்... காத்து வாங்கிட்டு வரேன்..."

கதவு திறந்தது. பலகையில் இரண்டு காலடி. அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம். மாவு மூட்டையைத் தள்ளிவிட்ட மாதிரி.

"அண்ணே! டெல்மர்!"

திரும்பிப் பார்க்க வேண்டும். முழங்கை குச்சியைத் தேடியது; தொட்ட உடனே நின்றது. துப்பாக்கி நாற்காலியோடு திரும்பும். சேஃப்டி விலகியிருக்கிறது. உள்ளே ஐந்து தோட்டா. அதை மூட அவளுக்கு விரல் இல்லை. முழுக்கத் திரும்ப இடமும் இல்லை; திரும்பினாலும் குழல் அண்ணனைப் பார்த்துத்தான் நிற்கும்.

நாற்காலியின் ஓரத்தில் டெல்மர் ஒரு பழைய லாரிக் கண்ணாடியைப் பொருத்தியிருந்தான். கழுத்தைச் சாய்த்து அதில் பார்த்தாள்.

சரிவுப் பலகையில் குப்புற விழுந்து கிடந்தான். ஆரஞ்சு நிறக் கோட்டின் முதுகு ஏறியது, இறங்கியது. உயிர் இருக்கிறது. கால்கள் கதவுக்கருகே, தலை கீழே. இரண்டு கட்டைக்கும் நடுவில் பலகை முழுக்க அவன்தான் இருந்தான். வெளியே போகும் வழி அது ஒன்றுதான்.

பின்னோக்கி நாற்காலியை விட்டால் ஐந்து நிமிடத்தில் பண்ணைக்குப் போய்விடலாம். அண்ணன் மேல் ஏற்றிக்கொண்டு.

செல்போன் நாற்காலியிலேயே இருந்தது. பெயரைச் சொன்னால் கூப்பிடும். அந்தப் பள்ளத்தில் சிக்னல் என்பது கிடையாது. மூன்று முறை மார்னா பெயரைச் சொன்னாள். மூன்று முறையும் அது மரியாதையாக மன்னிப்புக் கேட்டது.

கத்தினாள். அவள் கத்துவது பக்கத்து அறைக்கே கேட்காது. விலாவுக்குள் காற்றைத் தள்ளுகிற தசை எப்போதோ வேலையை விட்டுவிட்டது.

அப்போது யாரோ பேசினார்கள்.

"டெல்மர், மார்னா பேசறேன். சாப்பாடு அனுப்பவா, இல்ல நீங்களே வரீங்களா?"

வாக்கி டாக்கி. அவன் தோளிலிருந்து தெறித்து, விழுந்த தலைக்குப் பக்கத்தில் கிடந்தது. கண்ணாடியில் அதன் சிவப்பு விளக்குகூடத் தெரிந்தது. பொத்தானை அழுத்தினால்தான் இங்கிருந்து பேச முடியும். அழுத்த வேண்டிய கை அதன் பக்கத்திலேயே விரிந்து கிடந்தது.

"அக்கா! அண்ணன் விழுந்துட்டான்!" என்றாள். கேட்காது என்று தெரிந்தேதான் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சரி, பதில் காணோம். மான் பக்கத்துல இருக்கும் போல" என்றது மார்னாவின் குரல், சந்தோஷமாக.

வெடி! வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், மூன்று வெடி என்றால் ஆபத்து. மோவாயால் குழலைத் தாழ்த்தினாள். எதிரே வெறும் மண் கரை. குழாயை உறிஞ்சினாள்.

குடிலே அதிர்ந்தது. ஒன்று.

துப்பாக்கி உதறியதில் குழாய் உதட்டிலிருந்து நழுவியது. நாக்கை நீட்டித் தேடிப் பிடித்தாள். இரண்டு. மறுபடி நழுவல், மறுபடி தேடல். கண்ணில் நீர். மூன்று.

காதுக்குள் விர்ரென்று இரைந்தது. அது அடங்கும் முன்பே வாக்கி டாக்கியில் சிரிப்பு.

"கேட்டியா மார்னா? நம்ம ஆர்லிஸ்! மூணு வெடி!" அது கஸ். ஒற்றைக் கால் கிழவர். காலையிலேயே ஒரு பெட்டை மானை அடித்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து எல்லோருக்கும் விமரிசனம் செய்துகொண்டிருந்தார்.

"மூணு வெடின்னா... ஏதாவது ஆபத்துன்னு கூப்பிடறாளோ?"

"ஆபத்துன்னா ஒரே சீரா வெடிக்கும். இது ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. ஓடற மானைத் துரத்தித் துரத்திச் சுடறா. அது இந்நேரம் கனடா எல்லையில பாஸ்போர்ட்டைக் காட்டிட்டு இருக்கும்."

பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"டெல்மர், என்னாச்சுப்பா? அடிச்சுட்டீங்களா?" மார்னா காத்திருந்தாள். "பதில் இல்லையே. ஒரு எட்டுப் போய்ப் பார்க்கட்டுமா?"

"வாக்கா" என்றாள் ஆர்லிஸ். "வா, வா, வா."

"போ, போய்த்தான் பாரேன்" என்றார் கஸ். "போன வருஷம் போனதுக்கு என்ன வாங்கிக் கட்டிக்கிட்டேன்னு மறந்து போச்சா?"

ஆர்லிஸுக்கு அது மறக்கவில்லை.

போன அக்டோபரில் அவள் ஒரு மானைச் சுட்டாள். அடிபட்ட மானை உடனே தேடிப் போகக் கூடாது. அது போய் ஒரு புதரில் படுக்கட்டும் என்று அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். ஆனால் வெடிச் சத்தம் கேட்ட மறு நிமிடம், கம்பளியும் காமிராவும் சூடான சாக்லேட்டுமாக ஆறு பேர் ஓடி வந்தார்கள். அவளைக் கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தி அழுதாள். ரத்தத் தடமெல்லாம் பன்னிரண்டு காலில் மிதிபட்டு, மிரண்ட மான் எழுந்து ஓடி, எங்கே போய்ச் செத்ததோ கிடைக்கவேயில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் மேஜையில் இருந்த எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டாள். 'நாங்க தொட்டில் குழந்தையா? வெடிச்சத்தம் கேட்டா கூப்பிடற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வரக் கூடாது!' நாற்காலிக்காரர்கள் எல்லோரும் மேஜையைத் தட்டி ஆமோதித்தார்கள். தட்ட முடியாதவர்கள் சத்தம் போட்டார்கள். அதுவே சட்டமாகிவிட்டது.

"அதுவும் சரிதான்" என்றாள் மார்னா. "அவங்களே கூப்பிடட்டும். இருட்டறதுக்குள்ள கூப்பிடுவாங்க."

வாக்கி டாக்கி அடங்கியது.

கண்ணாடியில் ஆரஞ்சு முதுகு ஏறியது. இறங்கியது. முன்னைவிட மெதுவாக.

"அண்ணே, மூச்சை நிறுத்தாதே. நான் பேசறேன், நீ கேளு. எந்திரிச்சியோ கொன்னுடுவேன். அப்படியே கிட" என்று என்னவோ உளறினாள். முழங்கை சும்மா இருக்கவில்லை. நாற்காலியை ஓரங்குலம் முன்னே, ஓரங்குலம் பின்னே ஆட்டிக்கொண்டே இருந்தது. கையைப் பிசைய முடியாதவள் வேறு எதைத்தான் பிசைவாள்?

மீதி இரண்டு தோட்டா. இன்னும் இரண்டு சுட்டால் கஸ் இன்னும் இரண்டு ஜோக் அடிப்பார். அவ்வளவுதான். அவள் மேல் அன்பும் மரியாதையும் உள்ளவர்கள் யாரும் வரப்போவதில்லை.

இடப்பக்கம் மிஷின் மறுபடி உறுமியது.

ஆர்லிஸின் தலை மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.

கிளெம் பாவ்லக். பக்கத்துப் பண்ணைக்காரன். எழுபது வயது, தனி ஆள், நாற்பது மாடு. டெல்மர் அடித்த ஒரு மான் வேலி தாண்டிப் போய் அவன் நிலத்தில் விழுந்து, அதை அவன் தரமாட்டேன் என்றதில் ஆரம்பித்த பகை. போன வாரம்கூட பெட்ரோல் பங்கில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி அவளைப் பார்த்துச் சொன்னான்: "அக்டோபர்லயே நொண்டி முடமெல்லாம் சுட்டுத் தள்ளிட்டா, நவம்பர்ல எங்களுக்கு மான் மூத்திரம்தான் மிச்சம்."

அவளிடம் பாவம் பார்க்காத ஒரே ஆள். அவளுக்காக விட்டுக்கொடுத்து ஒதுங்கி நிற்காத ஒரே ஆள்.

அவனை வரவழைக்க என்ன வழி என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

எல்லை வேலிக்கு அந்தப் பக்கம், இவர்கள் வயலை முறைத்துப் பார்க்கிற மாதிரி, கோடையில் ஒரு பரண் கட்டியிருந்தான் பாவ்லக். நான்கு கால், மேலே ஓர் அறை, நான்கு பக்கமும் புத்தம்புதுத் தகரம், பச்சை வர்ணம். ஊரில் மற்றவர்கள் சர்ச்சுக்குப் போவதுபோல இவன் அதை வாரம் ஒருமுறை கழுவுகிறான் என்று பேச்சு.

அடுத்தவன் எல்லைக்குள், அடுத்தவன் கட்டடத்தில் சுடுவது! இந்த ஊரில் ஒருவன் இன்னொருவன் மனைவியோடு ஓடிப்போனால்கூட நாலைந்து வருடத்தில் மன்னித்து மீன் வறுவலுக்குக் கூப்பிடுவார்கள். இதை மன்னிக்க மாட்டார்கள். வேட்டை உரிமம் போகும். அவளுடையது மட்டுமா? 'குழாயை உறிஞ்சிச் சுடறவங்க கையில துப்பாக்கி கொடுத்தா இப்படித்தான்' என்று பேசுவார்கள். இந்த அக்டோபர் வேட்டையே வேண்டாம் என்று மனு எழுத ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆரஞ்சு முதுகு ஏறியது. நின்றது. நின்றே இருந்தது... இறங்கியது.

மோவாயால் குச்சியை இடப்பக்கம் அழுத்தினாள். குழல் நகர்ந்து நகர்ந்து, ஜன்னல் ஓரத்தில் முட்டி நின்றது. திரையின் ஓரத்தில் பச்சைத் தகரம் ஒரு நகக்கீற்று அளவே தெரிந்தது. போதாது. முழங்கையால் நாற்காலியின் குச்சியைத் தட்டினாள். பட்டை ஓரங்குலம் திரும்பியது. குழல் ஜன்னல் சட்டத்தை உரசிக் கிறீச்சிட்டது. இன்னும் ஒரு தட்டு. இப்போது பாதிச் சுவரும் கதவும் தெரிந்தன.

கதவு. உள்ளே யாராவது இருந்தால்? மோவாயால் குச்சியை அழுத்தித் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். வெளியே பித்தளைப் பூட்டு தொங்கியது. பின்னால் குன்று, தோட்டா தாண்டிப் போனாலும் மண்ணில்தான் புதையும்.

சரி. ஆனால் மிஷின் ஓடுகிறதே! அந்த இரைச்சலில் அவன் காதில் எதுவும் விழாது. வேறு வெடிச் சத்தம் விழுந்தாலும் லட்சியம் செய்ய மாட்டான். தன் தகரத்தின் சத்தம் அவனுக்குக் கேட்டாக வேண்டும்.

காத்திருந்தாள். மிஷின் ஒரு கட்டையை அறுத்தது. இன்னொன்று. குழாய் உதட்டில் குளிர்ந்து வழுக்கியது. பல்லால் கடித்துக்கொண்டாள். 'நிறுத்துடா கிழவா. பெட்ரோல் தீரலையா உனக்கு? கை வலிக்கலையா?'

நின்றது.

உறிஞ்சினாள்.

திரை குலுங்கி அடங்கியபோது பரணின் மரக் காலில் வெள்ளையாக ஒரு செதில். தகரத்தில் படவில்லை. தகரம் அதிரும் சத்தமே இல்லை.

"நாலு!" என்றது வாக்கி டாக்கி. கஸ்தான். "யாராவது அந்த மானுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா. நின்னு நின்னு அதுக்குக் கால் வலிக்கும்."

மிஷின் மறுபடி கிளம்பியது.

ஆர்லிஸ் அழவில்லை. அழுதால் மூக்கு அடைக்கும். மூக்கு அடைத்தால் மூச்சு நடுங்கும். மூச்சுதான் அவளுக்கு விரல். குறியை ஒரு மயிரிழை உயர்த்தினாள். கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தாள். பார்த்தாள். முதுகு அசைகிறதா இல்லையா தெரியவில்லை. காற்றில் கோட்டு அசைவதுபோலவும் இருந்தது.

மிஷின் இருமியது. நின்றது.

பாதி மூச்சை வெளியே விட்டாள். குழாயை உறிஞ்சினாள்.

டங்ங்ங்...!

சர்ச் மணியை இரும்புக் கட்டையால் அடித்த மாதிரி அந்தப் பள்ளம் முழுக்க எதிரொலித்தது.

ஒரு நிமிடம் எதுவும் இல்லை. பிறகு வேலிக்கு அப்பால் நாலு சக்கர பைக் ஒன்று வெறி பிடித்ததுபோலக் கிளம்பும் சத்தம். கூடவே கெட்ட வார்த்தைகள். ஆர்லிஸ் வாழ்நாளில் கேட்ட சங்கீதத்திலேயே இனிமையானது அதுதான்.

"எவன்டா அது! எந்த நாய்டா என் பரண்ல சுட்டது? வெளிய வாடா!"

அவன் வேலியைத் தாண்டி ஜன்னலருகே வந்ததும் கத்தினாள்: "நான்தான்! நான்தான் சுட்டேன்! இங்க வாய்யா!"

"நீயா? உன்னை... உன் லைசென்ஸைக் கிழிச்சு உன் வாயிலயே..." குடிலைச் சுற்றி வந்த குரல், பின்பக்கம் வந்ததும் பாதியில் அறுந்தது.

கண்ணாடியில் இப்போது அவன் பூட்ஸ் தெரிந்தது.

"ஐயோ" என்றான் பாவ்லக், வேறொரு குரலில். "டெல்மர்? டேய்..."

"மூச்சு இருக்கா? பாருய்யா, மூச்சு இருக்கா?"

சரிவுப் பலகையிலிருந்து அவனைக் கீழே இழுத்துப் புரட்டும் சத்தம். "இருக்கு... ஒரு மாதிரி கொர்ருங்குது... இப்ப இல்லை. ஏய் பொண்ணே, இல்லை! முகம் நீலமாயிடுச்சு!"

"கீழ ரேடியோ கிடக்கு. பக்கத்துல பொத்தானை அமுக்கிப் பேசு!"

"டீட்ஸ் வீட்டு ஆளுங்களா! கிளெம் பாவ்லக் பேசறேன்!"

"பாவ்லக்கா?" என்றார் கஸ். "எங்க ரேடியோவை எதுக்குய்யா திருடினே?"

"வாயை மூடுடா ஒத்தக்காலா! டெல்மர் சாகறான்! நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கிற பெட்டி வச்சிருக்கீங்கல்ல, அதைத் தூக்கிட்டு ஓடி வாங்க! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

அதற்குப் பிறகு வாக்கி டாக்கியில் யாரும் சிரிக்கவில்லை.

"நெஞ்சை அமுக்கு" என்றாள் ஆர்லிஸ்.

"எனக்குத் தெரியாதும்மா. மாட்டுக்குத்தான்..."

"நான் சொல்றேன். ரெண்டு உள்ளங்கையையும் ஒண்ணு மேல ஒண்ணா நடு நெஞ்சில வை. முழங்கையை மடக்காதே. எடையைப் போட்டு அமுக்கு. ஆழமா. நான் எண்ணற வேகத்துக்கு வரணும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

"ஏதோ முறிஞ்சுது! எலும்பு முறிஞ்சுது!"

"முறியட்டும்! நிறுத்தாதே! அஞ்சு, ஆறு..."

அவளைப் பராமரிக்க வருகிற பெண்களுக்கு வருடா வருடம் அவள் வீட்டுக் கூடத்திலேயே பயிற்சி நடக்கும். ரப்பர் பொம்மையை அமுக்கி அமுக்கி அவர்கள் களைப்பதை அவள் டீ குடித்தபடி வேடிக்கை பார்த்திருக்கிறாள். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு, கண்ணாடியில் ஏறி இறங்குகிற ஒரு கிழட்டுச் சட்டையைப் பார்த்துக்கொண்டு, எண்ணினாள். காற்று தீர்ந்தது. இழுத்தாள். எண்ணினாள். பாவ்லக் ஒவ்வொரு அமுக்கலுக்கும் டெல்மரைத் திட்டினான். "சாகாதடா திருட்டுப் பயலே... என் மானைத் திருடப் பார்த்த பயலே... சாகாதடா..."

"அது எங்க மான்!" என்றாள் எண்ணிக்கைக்கு நடுவே.

லாரி ஒன்று புதரை உடைத்துக்கொண்டு வந்து நின்றது. மார்னா இறங்கும் முன்பே பெட்டியைத் திறந்திருந்தாள். ஒட்டுங்கள், விலகுங்கள் என்று பெட்டி தானே பேசியது. டெல்மரின் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது. ஒன்றுமில்லை. "மறுபடி அமுக்குங்கள்" என்றது பெட்டி, எந்த அவசரமும் இல்லாத குரலில். பாவ்லக் அமுக்கினான். ஆர்லிஸ் எண்ணினாள். இரண்டாவது முறை தூக்கிப்போட்டபோது டெல்மர் இருமினான்.

யாரோ அவள் துப்பாக்கியைக் கழற்றினார்கள். யாரோ நாற்காலியைப் பின்னுக்கு விடச் சொன்னார்கள். சரிவுப் பலகை காலியாக இருந்தது. அதில் இறங்கியபோது பட்டையின் ஒவ்வொரு பல்லும் அவள் பல்லில் இடித்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேரும் சின்ன வயதுக்காரர்கள். "நாற்காலி ஏறாதுங்க. மன்னிக்கணும்" என்றார்கள். கதவைச் சாத்தினார்கள். போய்விட்டார்கள். நாற்காலி ஏற்றுகிற ஆர்லிஸின் வேன் பண்ணையில் நின்றது. சாவி டெல்மரின் கால்சட்டைப் பையில் இருந்தது. கால்சட்டை ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருந்தது. மற்ற நாற்காலிக்காரர்களைக் கொண்டுவரப் போன பஸ் காட்டின் அந்தக் கோடியில்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல பஸ் வந்துடும், கண்ணு" என்றாள் மார்னா. அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நான் வந்திருக்கணும். முதல் மூணு வெடிக்கே வந்திருக்கணும்."

"வராதேன்னு சொன்னது நான்தானே அக்கா."

ஒரு மணி நேரம். ஆர்லிஸ் நாற்காலியை அங்கேயே வட்டமாகச் சுற்றினாள். புல்வெளியில் சேறு வட்டம் வட்டமாகக் கிளம்பியது.

பாவ்லக் மரத்தில் சாய்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாடு ஏத்தற வண்டி இருக்கு" என்றான் யாரையும் பார்க்காமல். "பின்னால சாய்வுக் கதவு. முந்தாநாள்தான் கழுவினேன். நல்லாக் கழுவலை."

"கொண்டு வா" என்றாள்.

அப்படித்தான் ஆர்லிஸ் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான்கு பக்கமும் வார் கட்டி, வைக்கோல் மேல், மாட்டுக்குப் பதிலாக. ஓட்டைகள் வழியாகச் சாலை ஓடியது. அவளுடைய போன் ஒரு திருப்பத்தில் உயிர் பெற்று, முன்பு கூப்பிட்ட மார்னாவை இப்போது அழைக்கட்டுமா என்று கேட்டது. இன்னும் வேகமாகப் போகச் சொல்லி அவள் போட்ட சத்தம் பாவ்லக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவன் வேகமாகத்தான் போனான்.

ஆஸ்பத்திரியின் பளபளப்பான தரையில் பட்டை இரண்டு சேற்றுக் கோடு போட்டது. நர்ஸ் ஒருத்தி வாயைத் திறந்தாள்; ஆர்லிஸின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அறுவை அறையின் கதவிலிருந்து காபி மிஷின் வரை, காபி மிஷினிலிருந்து கதவு வரை, ஆர்லிஸ் ஓட்டிக்கொண்டே இருந்தாள். பாவ்லக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி நாலு நாற்காலி தூரத்துக்கு யாரும் உட்காரவில்லை.

"வேட்டை வார்டன்கிட்ட சொல்வியா?" என்று கேட்டாள், ஒரு சுற்றில்.

"சொல்லாம? புதுத் தகரம்."

"சொல்லு. நீ சொல்லாட்டி நானே சொல்லுவேன். எல்லையைத் தாண்டிச் சுட்டேன். தெரிஞ்சேதான் சுட்டேன்."

"லைசென்ஸ் போயிடும்."

"போகட்டும்."

அடுத்த சுற்றில் அவள் வந்தபோது பாவ்லக் கேட்டான்: "முதல்ல கால்ல பட்டுது. அதுவும் நீதானா?"

"ஆமா."

"ஒரு கன்னுக்குட்டி தூரம் தள்ளி." தலையை ஆட்டினான். "அந்த மூங்கில் குழாய்ல உறிஞ்சியே சுடுவியா நீ?"

"பிளாஸ்டிக்."

பச்சை உடையில் டாக்டர் அம்மாள் வெளியே வந்தபோது ஆர்லிஸின் முழங்கை குச்சியிலிருந்து நழுவியது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதல்முறையாக நாற்காலி அசையாமல் நின்றது.

"அடைப்பை எடுத்துட்டோம். மூணு விலா எலும்பு முறிஞ்சிருக்கு. யார் அமுக்கினாங்களோ அவங்கதான் காப்பாத்தினது. மயக்கம் தெளிய நேரமாகும். பிழைச்சுட்டார்."

ஆர்லிஸின் கன்னத்தில் கண்ணீர் இறங்கி மோவாய்வரை ஓடியது. பாவ்லக் எழுந்து, தன் சட்டைக் கையால் அவள் முகத்தை முரட்டுத்தனமாகத் துடைத்துவிட்டான். மாட்டு வாடை அடித்தது.

"அப்ப சரி. நான் கிளம்பறேன். பால் கறக்கணும்" என்றான். கதவு வரை போனான். தொப்பியைப் போட்டான், கழற்றினான். திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தான்.

"என்னய்யா?"

"மாடு கொஞ்சம் கத்தட்டும்" என்றான். "கண்ணைத் திறந்ததும் அந்தப் பய முதல்ல என் மூஞ்சியைப் பார்க்கணும். மூணு எலும்பை முறிச்சது யாருன்னு அவனுக்குத் தெரியணும். அந்தக் கண்காட்சியைப் பார்க்காம நான் போறதா இல்லை."

ஆர்லிஸ் நாற்காலியைக் கதவுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினாள். முழங்கை மறுபடி குச்சியைத் தேடிக்கொண்டு போயிற்று. ஓரங்குலம் முன்னே. ஓரங்குலம் பின்னே.